சுத்தியல் இல்லாமல் பாறை ஏறுவது: வன்னிப் பாறைகளுக்கு என்ன பொருந்தும்?

வவுனியா வடக்கிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவரும் கூட்டாளிகளும் பாறை ஏறப் பழகுகிறார்கள். ஊர்ப் பக்கத்துப் பாறைகளில் ட்ரில் போட்டு போல்ட் இறக்கலாம் என்கிறார் ஒருவர். வெடிப்பில் ஆணி அடித்துக் கயிற்றைக் கொழுவினால் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாவது ஆள், இரண்டுமே பாறையைக் கெடுக்கும், வெளிநாட்டில் இப்போது எல்லாம் கிளீன் கிளைம்பிங்தான், அதாவது ஆணியோ துளையோ இல்லாமல் ஏறுவதுதான் என்கிறாராம். ஓர் ஆணி பாறையை அவ்வளவு கெடுக்குமா, எங்களுக்கு எது சரி என்பது கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆணி பெரிதாகக் கெடுக்காது. அதே வெடிப்பில் திரும்பத் திரும்ப அடித்துக் கழற்றும் ஆணிதான் கெடுக்கும். மூன்றாவது ஆள் சொல்வது சரி. ஆனால் அவர் சொல்லும் முறை வெடிப்புகள் நிறைந்த பாறைகளில் பிறந்தது. எங்கள் பக்கப் பாறைகளில் வெடிப்பே அரிது. ஆகவே அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர ஏலாது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வவுனியாவில் கல்லுடைக்கும் இடங்களில் பழைய ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, குழிக்குள் இரும்பு ஆப்பை இறக்கி, மாறி மாறி அடிப்பார்கள். ஒரு கட்டத்தில் பாறை கோடு பிடித்து இரண்டாகும். மலையேறுகிறவர்கள் அடிக்கும் ஆணியும், அதாவது பிட்டனும், அதே ஆப்புத்தான். அளவும் நோக்கமும்தான் வேறு. வெடிப்பின் இரண்டு பக்கச் சுவர்களையும் நெருக்கிக்கொண்டு இறங்குவதால்தான் அது ஆளின் எடையைத் தாங்குகிறது. அந்த நெருக்கத்தில் வெடிப்பின் ஓரத்து மணிகள் நொறுங்கும். கருங்கல் என்பது குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா மணிகள் பிணைந்து கிடக்கும் ஒரு பொருள். அதை அமுக்கினால் நன்றாகத் தாங்கும், விரித்தால் இலகுவில் விட்டுக்கொடுக்கும்.

அடிப்பதைவிடக் கழற்றுவதுதான் மோசம். இறுகிய ஆணியை எடுக்க மேலும் கீழும் மாறி மாறி அடித்து அசைக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் வெடிப்பின் உதடு கொஞ்சம் உதிரும். அடுத்த முறை வருபவருக்கு அதே ஆணி தொளதொளவென்று நிற்கும், அவர் ஒரு சைஸ் பெரியதை அடிப்பார். இப்படியே போய், தலைமயிர் நுழையும் அளவில் இருந்த கோடு கொஞ்சக் காலத்தில் விரல் நுழையும் குழிகளின் வரிசையாகிவிடும். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் செரெனிட்டி கிராக் என்றொரு வழி இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி முழுக்க இந்தக் குழிகள்தான். இன்றைக்கு ஏறுகிறவர்கள் அந்தக் குழிகளுக்குள்ளேயே விரலை விட்டு, ஆணியில் தொங்காமல் ஏறுகிறார்கள். அந்தக் காயங்கள் இல்லாவிட்டால் அந்த வழி அவர்களில் பலருக்கு ஏலாத வழி. இந்த விளையாட்டின் வரலாற்றில் இப்படிச் சங்கடமான உண்மைகள் பல உண்டு.

நல்ல சாமான் வந்த பிறகுதான் சேதம் பெருகியது என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பாவின் பழைய ஆணிகள் மென்மையான இரும்பால் ஆனவை. அடித்தால் வெடிப்பின் நெளிவுக்குத் தக்கபடி அவையே வளைந்து உட்கார்ந்துவிடும். கழற்றினால் கோணலாகி உதவாமல் போகும் என்பதால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஒரு வழிக்கு ஒரு முறை அடித்தால் போதும், அடுத்தவர் அதிலேயே கயிற்றைக் கொழுவலாம். பார்க்க அசிங்கம், ஆனால் பாறை தேய்வது குறைவு. 1940களில் யோசெமிட்டியில் ஏறிய ஜோன் சலாத்தே, சுவிஸில் பிறந்த ஒரு கொல்லர். அங்குள்ள கடினமான கருங்கல்லில் மென்னிரும்பு மடங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, உறுதியான உருக்கில் ஆணி செய்தார். பழைய ஃபோர்ட் காரின் அச்சை உருக்கிச் செய்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. 1947இல் லொஸ்ட் ஏரோ என்ற கூம்பை அன்ரன் நெல்சனோடு சேர்ந்து அந்த ஆணிகளை வைத்துத்தான் ஏறினார்.

அடுத்து வந்தவர் இவோன் ஷுவினார். 1957இல் பழைய கொல்லுலை ஒன்றை வாங்கி, இரும்பு அடிக்கத் தானாகவே பழகியவர். குரோம் மொலிப்டினம் உருக்கில் அவர் செய்த ஆணி ஒன்று 1.50 டொலர். ஐரோப்பிய ஆணியோடு பார்த்தால் பல மடங்கு விலை. ஆனால் கழற்றிக் கழற்றி எத்தனை முறையும் பாவிக்கலாம். நீண்ட சுவர்களில் நூற்றுக்கணக்கான ஆணி சுமக்க ஏலாது, முன்னால் போகிறவர் அடிக்க, பின்னால் வருகிறவர் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அதோடு, மலையில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்ற நல்ல எண்ணமும் சேர்ந்தது. அந்த எண்ணமேதான் பாறையைத் தின்றது. விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு தழும்போடு போயிருக்கும். ஆட்கள் குறைவாக இருந்தவரை எவருக்கும் தெரியவில்லை. 1960களில் கூட்டம் கூடியதும் வெளிச்சத்துக்கு வந்தது. யோசெமிட்டியின் எல் கப்பிட்டான் என்ற பெரிய பாறைச் சுவரில் நோஸ் என்ற வழியை ஷுவினார் மறுபடி ஏறியபோது, சில கோடைகளுக்கு முன் புத்தம் புதிதாக இருந்த வெடிப்புகள் சிதைந்து கிடந்தன. அவரும் கூட்டாளி ரொம் ஃபுரொஸ்டும் ஆணி வியாபாரத்தைப் படிப்படியாக விடுவதென்று முடிவெடுத்தார்கள். அப்போது அவர்களின் கம்பனிக்குச் சோறு போட்டதே ஆணிதான். இந்த முடிவை நான் மதிக்கிறேன். அதே நேரம், கையில் மாற்றுச் சாமான் இருந்ததால்தான் அப்படி முடிவெடுக்க முடிந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த மாற்று பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே ஆணி அடிப்பதைக் கௌரவக் குறைவாகப் பார்க்கும் வழக்கம் முன்பே இருந்தது. வெடிப்புக்குள் இயல்பாகச் சிக்கிக் கிடக்கும் கல்லைச் சுற்றிக் கயிற்றுத் துண்டை மாட்டுவார்கள். கல் இல்லாவிட்டால், சட்டைப்பையில் கொண்டுபோன கூழாங்கல்லைச் செருகுவார்கள். 1950களில் இயந்திரங்களில் பாவிக்கும் சாதாரண நட்டுகளை எடுத்து, மரையை ராவித் தள்ளிவிட்டு, நடுவே கயிற்றைக் கோத்துக் கொண்டுபோனார்கள். 1960களின் தொடக்கத்தில் ஏறுவதற்கென்றே வார்த்த நட்டுகள் கடைக்கு வந்தன. வேலை செய்யும் விதம் எளிது. வெடிப்பு கீழே போகப் போக ஒடுங்கும் இடத்தைத் தேடி, ஆப்பு வடிவ உலோகத் துண்டை மேலிருந்து கையால் இறக்க வேண்டும். கயிறு கீழே இழுத்தால் இன்னும் இறுகும். மேலே தள்ளினால் கழன்று வரும். சுத்தியலுக்கு அங்கே வேலை இல்லை.

அமெரிக்கரான ரொயல் ரொபின்ஸ் 1966இல் இங்கிலாந்து போய் இதைப் பார்த்தார். 1967இல் அவரும் மனைவி லிஸ்ஸும் யோசெமிட்டியில் நட்கிராக்கர் என்ற வழியை நட்டுகளை மட்டும் வைத்து ஏறிக் காட்டினார்கள். அப்போது பலர் அதை ஒரு வித்தையாகத்தான் பார்த்தார்கள். நிலைமையைத் திருப்பியது ஷுவினார் கம்பனி 1972இல் வெளியிட்ட விலைப்பட்டியல். அதில் டக் ரொபின்சன் எழுதிய 14 பக்கக் கட்டுரை, வழியையும் பாறையையும் அடுத்து வருகிறவருக்கு மாற்றமில்லாமல் விட்டுவைப்பது பற்றிப் பேசியது. சாமான் விற்கிற புத்தகத்தில், தங்கள் பிரதான சாமானை வாங்காதீர்கள் என்று எழுதுவது சாதாரண காரியமில்லை. சில மாதங்களிலேயே ஆணி விற்பனை விழுந்துவிட்டது, அலுமினிய நட்டுகளைச் செய்து முடிக்க முன்பே அவை விற்றுத் தீர்ந்தன. 1973இல் புரூஸ் கார்சனும் ஷுவினாரும் நோஸ் வழியைச் சுத்தியல் இல்லாமல் ஏறினார்கள். அதே ஆண்டு கேலன் ரொவெல், டக் ரொபின்சன், டெனிஸ் ஹென்னெக் மூவரும் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் மலையின் வடமேற்குச் சுவரை அப்படியே ஏறினார்கள். அது 1974இல் நேஷனல் ஜியோகிரபிக்கில் வந்ததும் பொதுமக்களுக்கும் விஷயம் தெரிந்தது.

இணைச் சுவர்களுள்ள வெடிப்பில் நட்டு நிற்காது, ஒடுங்கும் இடம் வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தது ரே ஜார்டின் வடிவமைத்த, வில்லால் விரியும் சாமான். ஃபிரெண்ட் என்ற பெயரில் 1978இலிருந்து விற்பனைக்கு வந்தது. கயிறு இழுக்க இழுக்க அதன் வளைந்த தட்டுகள் பக்கவாட்டில் விரிந்து சுவரைப் பிடிக்கும். சுத்தியலே தேவைப்படாத கருவியைக் கண்டுபிடித்த இதே ஜார்டின், 1981இல் நோஸ் வழியில் பக்கவாட்டாகக் கடக்கும் ஓரிடத்தில் கைப்பிடிகளை உளியால் வெட்டினார். அவை இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகின்றன. ஆகவே ஒரு சாமானைப் பாவிக்கிறவர் எல்லாம் சுத்தமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். மென்மையான மணற்கல்லில் ஃபிரெண்ட் வைத்து விழுந்தால் அதுவும் உதடு உடைக்கும்.

இதற்கெல்லாம் முன்பே ஜேர்மனியின் எல்பே மணற்கல் மலைகளில், சாக்சனிப் பக்கம், கட்டுப்பாடு வந்துவிட்டது. 1913இலேயே அங்கே ருடொல்ஃப் ஃபேர்மன் ஏறும் விதிகளை எழுதி வைத்தார். அந்தக் கல் மென்மையானது, உலோகம் பட்டால் உதிரும். அதனால் இன்றும் அங்கே உலோக நட்டு கிடையாது. முடிச்சுப் போட்ட கயிற்றை வெடிப்புக்குள் இறுக்குகிறார்கள். சுண்ணப்பொடி என்று நாம் சொல்லும் மக்னீசியம் கார்பனேட்டும் தடை. மழை பெய்து கல் ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது, ஈர மணற்கல்லுக்குப் பலம் குறைவு. அமெரிக்கர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றதை இவர்கள் கல்லைப் பார்த்தே முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த உதாரணம்தான் அதிகம் பிடிக்கும். உங்களுக்கும் இதுதான் அதிகம் உதவும், கொள்கையை முதலில் எடுக்காமல் கல்லை முதலில் பார்த்தார்கள் என்பதால்.

போல்ட் பற்றிச் சொல்ல வேண்டும். போல்ட் வெடிப்பை நொறுக்காது. ஆனால் வெடிப்பே இல்லாத இடத்தில் புதுத் துளை ஒன்றை நிரந்தரமாக உண்டாக்குகிறது. அதைவைத்து எவரும் எங்கும் ஏறலாம் என்பதுதான் பழைய ஆட்களின் கோபம். 1970இல் வொறன் ஹார்டிங் எல் கப்பிட்டானில் 300க்கு மேற்பட்ட துளை போட்டு ஒரு வழி ஏற, அடுத்த வருடம் ரொபின்ஸ் அந்த போல்ட்டுகளை வெட்டி எறியத் தொடங்கி, கொஞ்சத் தூரத்தில் மனம் மாறி நிறுத்தினார். அதே 1970இல் இத்தாலியரான செசாரே மேஸ்த்ரி, தென் அமெரிக்காவில் பட்டகோனியாவின் செரோ தோரே மலைக்கு எஞ்சினில் ஓடும் கொம்பிரசரையே கொண்டுபோய் ஏறக்குறைய 400 போல்ட் அடித்தார். கொம்பிரசர் சுவரிலேயே தொங்கிக்கொண்டு கிடந்தது. 2012இல் இரண்டு இளைஞர்கள் அந்த போல்ட்டுகளில் நூற்றுக்கு மேல் கழற்ற, அடிவாரத்து ஊரில் பெரிய சண்டை. கழற்றினாலும் துளை இருக்கத்தானே செய்யும்.

ஆனாலும் போல்ட் எங்கும் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்கள் கூட்டமாக வரும் இடத்தில், மேலே இரண்டு நல்ல போல்ட் இருந்தால் மரங்கள் கயிற்றில் அறுபடாது, மேலுள்ள மண்ணும் மிதிபடாது. கேள்வி, எங்கே, எத்தனை, யார் பராமரிப்பது என்பதுதான். எங்கள் நாட்டில் இன்னொரு பிரச்சினை கடற்காற்று. தாய்லாந்தின் கரையோரச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுகளே உப்பும் வெப்பமும் சேர்ந்து உள்ளுக்குள் வெடித்து, வெளியே பளபளவென்று இருந்தபடியே முறிந்தன. இப்போது அங்கே டைட்டேனியம் போல்ட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். ஹாட்வெயார் கடைப் போல்ட்டை வாங்கி முல்லைத்தீவுப் பக்கம் அடித்துவிட்டு உயிரை நம்பிவிடாதீர்கள். கட்டடத்துக்குச் செய்த போல்ட் ஆள் விழும் அதிர்ச்சிக்குச் செய்யப்பட்டதல்ல.

இனி எங்கள் பாறைக்கு வருவோம். இலங்கையின் பழம்பாறைகளைப் புவியியலாளர்கள் பிரித்த தொகுதிகளில் ஒன்றுக்குப் பெயரே வன்னித் தொகுதி. வவுனியாவிலிருந்து தெற்கே குருநாகல் வரைக்கும் அது நீள்கிறது. பெரும்பாலும் கருங்கல் போன்ற, பட்டை பட்டையாகத் தெரியும் நைஸ் பாறை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கு அடியில் ஆழத்தில் வெந்து உருமாறியது. மேலிருந்த நிலம் அரித்துப்போய், பாரம் குறைந்து, அது மேலே வந்தபோது மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் மன்னார்க் கரைக்கும் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல் இதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது.

இந்த மொட்டைப் பாறைகளில் நேராக இறங்கும் வெடிப்புகள் குறைவு. மாறாக, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரிவு இருக்கும். பகல் வெயிலும் திடீர் மழையும் அந்தத் தகடுகளை மெல்ல மெல்லக் கழற்றிக்கொண்டே இருக்கின்றன. உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், சில இடத்தில் கணீரென்று இருக்கும், சில இடத்தில் உள்ளே வெறுமை என்று சத்தத்திலேயே தெரியும். வெறுமையாகக் கேட்கும் தகட்டின் ஓரத்தில்தான் ஆணி அடிக்க வசதியான பிளவு இருக்கும். அங்கே அடித்தால் கல்லுடைக்கிறவரின் வேலையை நீங்களே செய்து முடிப்பீர்கள், தகடு உங்களோடுதான் கீழே வரும். அதே பிளவில் ஃபிரெண்ட் வைத்தாலும் விரிக்கும் விசை தகட்டுக்குத்தான். ஆகவே ஆணி சொன்ன கூட்டாளிக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். பாறைக்காகவும் வேண்டாம், தலைக்காகவும் வேண்டாம்.

வெடிப்பு இல்லை, ஆணியும் இல்லை, அப்போது போல்ட்தானே என்று கேட்பீர்கள். அவசரம் இல்லை. எங்கள் பக்கப் பாறைகள் பெரும்பாலும் பின்பக்கத்தால் நடந்து உச்சிக்குப் போகக்கூடியவை. உச்சியில் மரம் இருந்தால் அதில் கயிறு கட்டி, கீழிருந்து ஏறுகிறவரை மேலிருந்து வரும் கயிறு தாங்கும்படி செய்யலாம். துளை இல்லை, ஆணி இல்லை. பாலை, வீரை, முதிரை இவற்றில் தொடையளவு பருத்த, பச்சையான மரம் வேண்டும். பாறை உச்சியில் மண் ஆழமில்லை, வேர் பக்கவாட்டில்தான் ஓடியிருக்கும். அதனால் ஒரு மரத்தை நம்பாமல் இரண்டு மூன்றை இணைத்துக் கட்டுங்கள். அகலமான பட்டிக்கயிறும் அடியில் சாக்கும் வைத்தால் மரப்பட்டை அறுபடாது. அடுத்தது முக்கியம்: ஏறும் கயிறு ஓடும் வளையம் பாறையின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்க வேண்டும். விளிம்பில் கயிறு உரசி ஓடினால் நைஸின் சொரசொரப்புக் கயிற்றைத் தின்னும். மென்மையான கல்லாக இருந்தால் கயிறு கல்லைத் தின்னும். இங்கிலாந்தின் தெற்கு மணற்கல் பாறைகளில் கயிறு வெட்டிய ஆழமான வாய்க்கால்களே இருக்கின்றன.

சின்னப் பாறைகளில் கயிறே தேவையில்லை. கீழே மெத்தை போட்டு, குதித்தால் காயம் வராத உயரத்தில் ஏறிப் பழகலாம். பிடிக்குமிடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், பன்றிமயிர்த் தூரிகை போதும். பாறையில் கறையாகத் தெரியும் பாசிக்காளான் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் வளர்வது, சுரண்டினால் உங்கள் காலத்தில் திரும்பாது. சுண்ணப்பொடியைக் குறையுங்கள். மழை படாத குடைவுகளில் அது வருடக்கணக்கில் வெள்ளையாகவே நிற்கும்.

குடைவு என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எங்கள் பக்கப் பாறைக் குடைவுகள் சும்மா கிடந்தவை அல்ல. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளம் குகைகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பிராமி எழுத்துகள் உள்ளன. ஒன்றில் விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயர் பிராகிருத மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது. குகை வாசலுக்கு மேலே, மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டி விழ வெட்டிய விளிம்பைக் கண்டால், எழுத்து தெரிகிறதோ இல்லையோ, அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். எழுத்துகள் பெரும்பாலும் அந்த விளிம்புக்குக் கீழேதான் இருக்கும், தேய்ந்து போனவை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி இவற்றைச் சேதப்படுத்துவது குற்றம். வெடுக்குநாறி மலை, குருந்தூர் மலை போன்ற இடங்களில் விளையாட்டுக்கு ஏறும் எண்ணமே வேண்டாம். வழிபாடும் வழக்கும் சூழ்ந்த மலையில் ஒரு புது இரும்பு முளைத்தால் யார் யார் என்னென்ன கதைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காட்டுக்குள் இருக்கும் பாறை என்றால் வனவளத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும், கிராம சேவையாளரிடமும் ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது. போர் நடந்த பக்கங்களில் மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊரவர்கள் விறகுக்கும் தேனுக்கும் போய்வரும் பாதையை விட்டு விலகாதீர்கள். குடைவுகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால், கயிற்றில் தொங்குகிற ஆளுக்கு ஓட இடமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

போல்ட் சொன்ன கூட்டாளியோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு வருடம் மேற்கயிற்றில் ஏறிப் பாருங்கள். பிறகும் ஒரு பாறையில் மரமே இல்லை, ஆட்கள் தொடர்ந்து வருகிறார்கள், நிலத்துக்கு உரியவர்கள் சம்மதிக்கிறார்கள் என்றால், உச்சியில் மட்டும் இரண்டு போல்ட் என்பதை யோசிக்கலாம். அதையும் வீடியோ பார்த்துச் செய்யாமல், அந்த வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்துச் செய்யுங்கள். நடுவழியில் போல்ட் வரிசை தேவையில்லை.

ட்ரில்லுக்கு ஒதுக்கிய காசில் இழுபடாத நல்ல கயிறு ஒன்று, ஏறுகிறவருக்கு இழுபடும் கயிறு ஒன்று, பட்டிக்கயிறுகள், கயிற்றைக் கொழுவப் பூட்டுள்ள உலோக வளையங்கள், அதாவது கரபீனர்கள், தலைக்கவசம், ஒட்டும் ரப்பர் அடியுள்ள சப்பாத்து இவற்றை வாங்குங்கள். சரிவான வன்னிப் பாறையில் கையைவிடப் பாதம்தான் அதிகம் வேலை செய்யும், அதனால் சப்பாத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐப்பசியிலிருந்து தை வரை மழையில் பாறை பாசி பிடித்து வழுக்கும், அந்த மாதங்களில் முடிச்சுப் பழகுங்கள். மாசிக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்குள் ஏறி முடித்துவிடுங்கள், அதன் பிறகு கல் கையைச் சுடும், சூட்டில் ரப்பரும் சரியாகப் பிடிக்காது.